கிளீட்டஸ் கைவைத்த குண்டுப்பெட்டி

ஜெரிஷின் கைவேலையை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அவனுக்குச் சத்துரு அவன் வாய்தான்.

ஷார்ஜாவில் ஒரு பெரிய வணிக வளாகத்தில், காசு போட்டு விளையாடுகிற மெஷின்களைப் பழுதுபார்க்கும் வேலையில் கல்யாண வயது தாண்டும் வரைக்கும் இருந்துவிட்டு வந்தவன். ஒரு மெஷினின் வயிற்றைத் திறந்தால் அங்கே ஒவ்வொரு வயரும் அதனதன் இடத்தில் படுத்திருக்க வேண்டும் அவனுக்கு. இல்லையென்றால் அன்றைக்குச் சோறு இறங்காது. சொந்த ஊர் கருங்கல் பக்கம். அங்கே தடுக்கி விழுந்தாலும் ஒரு மெக்கானிக்கின் மேல்தான் விழ வேண்டும் என்பதால், இராஜாக்கமங்கலம் ஜங்ஷனில் கடை எடுத்தான். மிக்சி, டிவி, எமர்ஜென்சி லைட், எது வந்தாலும் பார்ப்பான்.

கடை திறந்த புதிதில் ஒரு பெண் மிக்சி ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். திறந்து பார்த்தான். ஏசுவே! மோட்டாரில் கார்பன் இருக்க வேண்டிய இடத்தில் பழைய டார்ச் செல்லை உடைத்து எடுத்த கரிக்குச்சி. ஜாரைச் சுற்றவைக்கிற பல்லுக்குப் பதிலாக ஹவாய் செருப்பை வெட்டிச் செதுக்கிய நீல ரப்பர். அதை வள்ளத்தின் ஓட்டையை அடைக்கிற பிசின் வைத்து ஒட்டி, போதாததற்கு வலைநூலால் சுற்றி முடிச்சும் போட்டிருந்தது. ஜெரிஷ் வாய்விட்டுச் சிரித்தான்.

"இதைச் செய்த கையை மியூசியத்துல வைக்கணும். செய்தவனை ஜெயில்ல வைக்கணும்."

"செய்தது எங்க அப்பா," என்றாள் அந்தப் பெண்.

அப்பா எங்கே இருந்தார் என்கிறீர்கள்? கடை வாசலிலேயே மொபெட்டில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். உள்ளே வந்தார். பிரித்துப் போட்ட மிக்சியை, திருகாணி முதற்கொண்டு, ஒரு பையில் வாரிப் போட்டார். ஜெரிஷின் பக்கம் திரும்பவே இல்லை. "ஏட்டி, வா" என்று மகளை மட்டும் கூப்பிட்டுக்கொண்டு போய்விட்டார். கோபத்தில் ஜாரை மறந்துவிட்டார். மறுநாள் ஜாரை வாங்க அந்தப் பெண் தனியாக வந்தாள். அவள் பெயர் சஜிதா. அந்த ஜார் அதற்குப் பிறகு நாலைந்து தடவை கடைக்கும் வீட்டுக்குமாக மறந்து மறந்து போய்வந்தது. இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

பெண் கேட்டு ஆள் அனுப்பினான். சஜிதாவின் அப்பா கிளீட்டஸ் நிதானமாகவே பதில் சொன்னாராம்: "ஆளு கொள்ளாம். குடும்பமும் கொள்ளாம். ஆனா என் கைவேலையைப் பார்த்துப் பல்லைக் காட்டின பயலுக்கு என் பிள்ளையைக் கெட்டிக் கொடுக்க மாட்டேம்." ஒரு வருஷம் போனது. கிளீட்டஸ் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

கிளீட்டஸின் ஊர் புன்னந்துறை, இராஜாக்கமங்கலத்தை அடுத்த கடற்கரை. முன்பு கடலுக்குப் போனவர். கரையேறிய பிறகு ஊரிலுள்ள கெட்டுப்போன சாமான் அத்தனையையும் அவரே நன்றாக்கினார், அதாவது அவர் அப்படித்தான் சொன்னார். சும்மா சொல்லக்கூடாது, மனுசன் ஒருத்தரிடமும் கூலி வாங்கியதில்லை. கேட்டால் பாதிராத்திரியிலும் எழுந்து வருவார். கேட்காவிட்டாலும் வருவார், அதுதான் சங்கடம். கோயில் மைக்கை அவர் நன்றாக்கிய பிறகு, சாமியாரின் பிரசங்கத்துக்கு நடுவே யாரோ மலையாளத்தில் செய்தி வாசித்தார்கள். ஆனாலும் அவரிடம் மாட்டேன் என்று சொல்ல ஊரில் யாருக்கும் நாக்கு வரவில்லை. அவ்வளவு ஆசையாகக் கையை நீட்டுவார்.

அவர் கைவைத்ததிலேயே பெரியது குண்டுப்பெட்டி.

அது ஒரு பின்பால் மெஷின். நாலு காலில் நிற்கிற சரிவான கண்ணாடிப் பெட்டி. ஒரு இரும்புக் குண்டை ஸ்பிரிங்கால் மேலே அடித்துவிட்டால், அது அங்கே இங்கே முட்டி மணியடித்துப் புள்ளி ஏற்றிக்கொண்டே கீழே உருண்டு வரும். குழிக்குள் விழாமல் இரண்டு பக்கமும் உள்ள பட்டனை அமுக்கி, துடுப்பு மாதிரியான இரண்டு சின்னக் கைகளால் அதைத் தட்டி மேலே அனுப்ப வேண்டும். கப்பல் வேலைக்குப் போன ஊர்க்காரர் ஒருவர், தான் வேலை பார்த்த கப்பலை உடைக்கக் கொடுத்தபோது மாலுமிகளின் அறையிலிருந்து அதை இறக்கிக் கொண்டுவந்து இளைஞர் மன்றத்துக்குக் கொடுத்தார். தலைப்பக்கக் கண்ணாடியில் ஒரு வெள்ளைக்காரி அரைகுறைத் துணியோடு சிரித்துக்கொண்டிருந்தாள். அது சரிப்படாது என்று வள்ளத்துக்கு அடிக்கிற நீலப் பெயிண்டால் யாரோ கழுத்து முதல் கணுக்கால் வரை உடுப்பு மாட்டிவிட்டார்கள். இப்போது பார்த்தால் சிரித்த முகமுள்ள ஒரு கன்னியாஸ்திரி.

வருஷாவருஷம் திருவிழாக் கொடி இறங்கிய மறுநாள் மத்தியானம் குண்டுப்பெட்டிப் போட்டி. தெருவாரியாகப் பிரித்திருக்கும் அன்பியங்கள் ஒன்றோடொன்று மோதும். ஜெயித்த அன்பியத்துக்குக் கோப்பை. கோப்பை வந்த வருஷம் அந்தத் தெருப் பெண்கள் தண்ணீர்க் குழாயடியில்கூட நெஞ்சை நிமிர்த்தித்தான் நிற்பார்கள்.

அந்த வருஷம் திருவிழா நெருங்கும்போது பெட்டி ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டது. கிளீட்டஸுக்கும் கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டும், நுணுக்க வேலை கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வேறு வழியில்லாமல் மன்றத்துச் செயலாளர் ரசலையன் ஜெரிஷின் கடைக்கு வந்தார். ஷார்ஜாவில் இதே மெஷின்களைப் பிரித்துப் பூட்டியவன் அல்லவா!

அன்றைக்கே சஜிதா போன் செய்தாள். "நல்லா கேட்டுக்கிடுங்க. இது கர்த்தர் தந்த சந்தர்ப்பம். அப்பா பக்கத்துலதான் இருப்பாவ. அவரு வச்ச சாமானைப் பார்த்து சிரிக்கப்பிடாது. ஒண்ணையும் தூரக் களையப்பிடாது. முக்கியமா, வாயைத் திறக்கப்பிடாது. மனசிலாச்சா?"

"மனசிலாச்சு."

"திறந்தியளோ, நான் எங்க மாமா மவன் குவைத்துல இருந்து வந்ததும் அவனைக் கெட்டிக்கிடுவேன்."

அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் அந்த மாமா மகன் மெய்யாகவே குவைத்தில் இருந்தான். பங்குனியில் வருவதாகவும் இருந்தான்.

மன்றத்தில் கிளீட்டஸ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கறுப்புக் கண்ணாடியோடு காவல் இருந்தார். ஜெரிஷ் மரியாதையாக, "மாமா, தொடங்கட்டா?" என்றான்.

"ஆருக்குலே மாமா?"

ஜெரிஷ் அதை விழுங்கிக்கொண்டு பெட்டியின் மேல்பலகையைத் தூக்கினான். உள்ளே பார்த்தவன் ஒரு கையால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டான்.

ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வள்ளத்து ஆணி. பெட்டி இத்தனை காலம் தீப்பிடிக்காமல் இருந்தது பாதுகாவலராம் அந்தோணியாரின் சொந்தப் பொறுப்பில்தான் இருக்க வேண்டும். குண்டு முட்டித் திரும்புகிற ரப்பர் வளையங்களுக்குப் பதில் சைக்கிள் டியூப். டியூப் எட்டாத இடத்தில் பிள்ளைக்குப் பால் கொடுக்கிற குப்பியின் ரப்பர். சுவிட்சின் செப்புத் தகடுகள் எல்லாம் பெண்கள் தலையில் குத்துகிற ஸ்லைடு. ஒரு துடுப்புக் கை கம்பெனிச் சாமான். மற்றது புன்னை மரத்தில் செதுக்கி, வலைநூல் சுற்றியது. குண்டு லாரிச் சக்கரத்து பேரிங்கிலிருந்து வந்தது, கொஞ்சம் பெரிது. குண்டு சின்னதாகாது என்பதால் அது போகிற வழியை அரம் வைத்து ராவியிருந்தது.

ஜெரிஷின் தொண்டையில் சிரிப்பு முட்டிக்கொண்டு நின்றது. இருமிக் கரைத்தான்.

"அந்த ஆணி செம்புலே," என்றார் கிளீட்டஸ் நாற்காலியிலிருந்து. "இரும்புன்னு நினைக்காதே. உப்புக்காத்துல இரும்பு நிக்காது. ஃபியூஸ் வாங்கிப் போட்டா வாரத்துக்கு ஒண்ணு எரிஞ்சு போவுது. இது போட்டதுக்குப் பொறவு ஒரு நாளும் எரியல்ல."

"ஆமா. எரியாது," என்றான் ஜெரிஷ். அதுவரைக்கும் அவன் வாழ்க்கையில் சொன்னதிலேயே கஷ்டமான வார்த்தை அதுதான்.

சஜிதா சொன்னபடியே கழற்றியதை எல்லாம் துடைத்து ஒரு துணியில் வரிசையாக வைத்தான். கிளீட்டஸ் ஒவ்வொன்றையும் எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். இது இன்ன வருஷம், இது மழையில் நனைந்த வருஷம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். பார்க்கப் பார்க்க ஜெரிஷுக்கு என்னவோ ஆகியது. அந்தச் சாமான்கள் கேவலம்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஒவ்வொரு முடிச்சும் எவ்வளவு சுத்தம்! ஒரு நூல்பிசிறு கிடையாது. இது கெடக்கூடாது என்று மனசார நினைத்த ஒருவர் போட்ட முடிச்சு. அவனுக்குச் சிரிப்பு அடங்கிப் போயிற்று.

பெட்டியின் அடித்தட்டில் மணி அடிக்கிற இடத்துக்கு வந்தான். மணி இல்லை. அதற்குப் பதில் ஒரு எவர்சில்வர் தம்ளர் கவிழ்த்து வைத்துத் திருகப்பட்டிருந்தது. டார்ச் அடித்தான். தம்ளரின் விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது: ஞானபாய்.

ஞானபாய் கிளீட்டஸின் மனைவி. அந்தத் தம்ளரின் கதையை ஜெரிஷ் சஜிதாவிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். அது ஞானபாய்க்குக் கல்யாணச் சீராக வந்தது. ஒரு நாள் காணாமல் போனது. அன்றைக்கு வீட்டுக்கு வந்துபோன தன் மைனிதான், அதாவது அண்ணன் மனைவிதான், எடுத்துவிட்டாள் என்று ஞானபாய் அடித்துச் சொன்னாள். அன்றிலிருந்து மைனி வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிப்பதில்லை. போன மாதம் மைனி மகள் கல்யாணத்தில்கூடப் பந்தியில் உட்காராமல் வந்துவிட்டாள்.

ஜெரிஷ் மெதுவாகத் திரும்பினான். கிளீட்டஸ் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை.

"அதைத் தொடண்டாம்," என்றார். "அது நல்லாத்தான் இருக்கு."

ஜெரிஷ் தம்ளரைத் துடைத்தான், திருகாணியை இறுக்கினான், அடுத்த வேலைக்குப் போனான். வாயைத் திறக்கவில்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கிளீட்டஸ் கண்ணுக்கு மருந்து விட வீட்டுக்குப் போன நேரத்தில், பெட்டியின் முன்கதவுக்கு உள்பக்கம் ஒரு செப்பு வளையம் வெறுமனே நிற்பதைப் பார்த்தான். வளையத்துக்கு நடுவே ஒரு கம்பிக் கொக்கி. கொக்கியில் தொங்க வேண்டிய தொங்கட்டானைக் காணோம். தொழில் தெரிந்தவனுக்கு இது போதாதா? ஆட்டக்காரன் பெட்டியைப் பிடித்து ஆட்டினால் தொங்கட்டான் ஆடி வளையத்தில் முட்டும். முட்டினால் ஆட்டம் நின்றுபோகும். கள்ளத்தனத்தைப் பிடிக்க வைத்தது. வலையில் கட்டுகிற ஈயக்குண்டு ஒன்றை எடுத்து, துளை போட்டு, கொக்கியில் தொங்கவிட்டான். புது ஃபியூஸ், புது ரப்பர், புது வயர். பெட்டி விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு எழுந்தது. தனியாக ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தான். எல்லாம் சரி. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இவன் வாயை அத்தனை கட்டுக்காவலில் வைத்துவிட்டுக் கையால் கெட்டான்.

ஏனென்றால் புன்னந்துறையில் குண்டுப்பெட்டியை எப்படி விளையாடுவார்கள் என்று அவன் பார்த்ததே இல்லை.

போட்டி நாள். மன்றத்தில் கால் வைக்க இடமில்லை. முதல் ஆட்டம் கிளீட்டஸின் அன்பியம். பட்டனுக்கு ஒருவன் நின்றான். ஜெரிஷ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வேறு நாலு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து, பெட்டியின் காலுக்கு ஒருவராகப் பிடித்துக்கொண்டார்கள். அதில் ஒருவர் கிளீட்டஸ்.

"இவங்க எதுக்கு?" என்று ரசலையனிடம் கேட்டான் ஜெரிஷ்.

"இழுக்கத்தான். கரமடி வலை இழுப்போம்லா, அது மாதிரி. குண்டு குழிக்குப் போவதுக்கு முன்ன பெட்டியை இழுத்து வளைக்கணும். நாலு பேருக்கும் ஒரே மூச்சு வேணும் தம்பி. கோப்பை பட்டன்ல இல்ல, இழுப்புல இருக்கு."

ஜெரிஷ் பெட்டியை நோக்கிப் பாய்ந்தான். "அய்யோ, நில்லுங்க..." என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் குண்டு கிளம்பிவிட்டது.

"இழு மக்கா! ஏலா... இழு!"

நாலு பேரும் பெட்டியைத் தெற்கே இழுத்தார்கள். பெட்டிக்குள் ஈயம் வளையத்தில் முட்டியது. அவ்வளவுதான். விளக்கு அணைந்தது. துடுப்புக் கைகள் செத்தன. குண்டு நேரே குழியில் விழுந்தது. நீல உடுப்புக்காரியின் காலடியில், ஊர் அதுவரை பார்த்தே இராத நாலு எழுத்து சிவப்பாக எரிந்தது.

ரசலையன் எழுத்துக்கூட்டி வாசித்தார். "டி... ஐ... எல்... டி. டில்ட். டில்ட்டுன்னா என்ன தம்பி?"

கூட்டம் மொத்தமும் ஜெரிஷைப் பார்த்தது. அதற்கு அர்த்தம் அவனுக்குத் தெரியும். கள்ளக்களி என்று அர்த்தம். பெட்டியை ஆட்டியவன் தோற்றான் என்று அர்த்தம். அந்த வார்த்தையைச் சொன்னால், இத்தனை வருஷமாக ஒவ்வொரு தெருவும் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிற கோப்பை எல்லாம் கள்ளக்களியில் வாங்கியது என்றாகிவிடும்.

கிளீட்டஸ் பெட்டிக்காலை விடாமல் குனிந்தபடியே இருந்தார். பிறகு நிமிர்ந்தார்.

"இதுக்குள்ள ஒரு தொங்கட்டான் கிடந்தது," என்றார். பேசுவது அவர்தானா என்கிற மாதிரி அவ்வளவு மெதுவாக. "நான்தான் கழட்டினேம். கப்பல்ல கிடந்த பெட்டியில்லா, கடல் ஆட்டத்துக்கு வச்சதா இருக்கும், கரையில எதுக்குன்னு நினைச்சுக் கழட்டினேம். நீ படிச்சவன், சொல்லு. நான் செய்தது தப்பாலே?"

கேலி பேசக் காத்திருக்கிற வாய்கள் எந்த ஊரிலும் உண்டு. பின்னாலிருந்து யாரோ ஒருவன் கிளுக்கென்று சிரித்தும்விட்டான். தூணுக்குப் பக்கத்தில் சஜிதா கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ஜெரிஷ் வாயைத் திறந்தான்.

"தப்பு உங்க பேரில இல்ல, எம்பேரில," என்றான், எல்லாருக்கும் கேட்கிறபடி. "அது கப்பலுக்கு உள்ளதுதான். அலை ஆட்டத்துல ஆட்டம் கெட்டுப் போவாம இருக்க வச்சது. கரையில அது வேண்டாம். நீங்க கழட்டினதுதான் சரி. நான் விவரம் இல்லாம மாட்டிட்டேன்."

ஷார்ஜாவில் அவனுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த பிலிப்பைன்ஸ்காரன் இதைக் கேட்டிருந்தால் செவிட்டில் ஒன்று வைத்திருப்பான். வைக்கட்டும். அந்த நேரத்தில் ஜெரிஷுக்குக் கிளீட்டஸை அவ்வளவு பிடித்திருந்தது. பெண்ணைக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் இந்த மனுசன் ஊர் நடுவே தலைகுனியக்கூடாது என்று மட்டும்தான் அவனுக்குத் தோன்றியது.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா!" என்று கிளீட்டஸ் கூட்டத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார். கிளுக்கென்று சிரித்தவன் வாயை மூடிக்கொண்டான். "கழட்டுலே அதை! நேரம் போவுது!"

ஜெரிஷ் முன்கதவைத் திறந்து கையை விட்டான். ஈயத்தைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டான். கதவை மூடப் போனபோது, பெண்கள் பக்கத்திலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஞானபாய் வந்தாள்.

"அப்படி என்னதான் உள்ள வச்சிருக்கிய? இந்த மனுசன் பாதி ஆயுசை இதுக்குள்ளதானே தொலைச்சாரு. நானும் ஒண்ணு பார்க்கட்டு." முந்தானையைச் செருகிக்கொண்டு குனிந்தாள்.

துடைத்து வைத்த தம்ளர். மத்தியான வெயில் ஜன்னல் வழியாக நேரே அதன் மேல் விழுந்து பளபளத்தது. நன்றாகத் துடைத்ததும் இவன்தான்.

"மூடு!" என்று அலறினார் கிளீட்டஸ். "மூடுலே! எடேய் மருமவனே, மூடு!"

ஜெரிஷ் படாரென்று மூடினான். விரல் ஒன்று நசுங்கியது. "கரண்ட் அடிக்கும் மாமி, தள்ளி நில்லுங்க," என்றான், வலியில் கண் கலங்க.

ஞானபாய் நிமிர்ந்தாள். பெட்டியை விட்டுவிட்டுப் புருசனைப் பார்த்தாள்.

"இப்ப ஆரை மருமவன்னு விளிச்சீரு?"

கிளீட்டஸ் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார். கடலில் விழுந்த ஈயமும் வாயிலிருந்து விழுந்த சொல்லும் திரும்பி வராது என்பது கடற்காரருக்குத் தெரியாததா?

"இவனைத்தான்," என்றார் கடைசியில். "ஏன், உனக்கு சம்மதம் இல்லியா?"

"எனக்கென்ன! உமக்குத்தானே ஒரு வருசமா கோட்டி," என்றாள் ஞானபாய். பெண்கள் பக்கத்தில் சிரிப்பு வெடித்தது. சஜிதா தூணுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டையும் செய்தாள்.

ஆட்டம் முதலிலிருந்து தொடங்கியது. ஒரு காலில் பிடிக்க வேண்டியவன் கிளீட்டஸைக் கேட்காமலே இடத்தை விட்டுக்கொடுத்தான். ஜெரிஷ் நசுங்கிய விரலோடு மாமனாரின் பக்கத்துக் காலைப் பிடித்தான்.

"மூச்சைப் பிடிச்சு இழுக்கணும். கையால இல்ல, இடுப்பால," என்றார் கிளீட்டஸ், தலையைத் திருப்பாமல்.

"சரி மாமா."

இந்தத் தடவை ஆருக்குலே மாமா என்று அவர் கேட்கவில்லை. குண்டு கிளம்பியது. "இழு மக்கா!" பெட்டி ஆடியது, விளக்கு எரிந்தது, குண்டு முட்டி முட்டிப் புள்ளி ஏறியது. ஒவ்வொரு முட்டுக்கும் டிங், டிங் என்று மணி கணகணத்தது.

ஞானபாய் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "ஏட்டி சஜிதா, நல்ல எவர்சில்வர் சத்தம் மாதிரி இல்லியா? எனக்கு என் தம்ளர் ஓர்மை வருது. அந்த மூதேவி எடுத்துட்டுப் போனாளே!"

கிளீட்டஸ் ஜெரிஷைப் பார்த்தார். ஜெரிஷ் கிளீட்டஸைப் பார்த்தான். மைனியிடம் ஒரு நாள் போய் இதை எப்படியாவது நேராக்க வேண்டும், அதுவரைக்கும் அவள் மன்னிக்கட்டும் என்று நினைத்துக்கொண்டு, ஜெரிஷ் பல்லைக் கடித்து, இடுப்பால் இழுத்தான். வாயைத் திறக்கவில்லை.